அந்தச் சீட்டுக்கு நான் சொன்ன பதில்

இந்த மாதப் பாடத்தை ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன். திருத்தப்பட வேண்டியது நான் சொன்ன ஒரு வார்த்தை.

பள்ளி விடுமுறையில் நம் கிளைகள் சேர்ந்து நடத்திய முகாமில், இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நான் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். பதினோரு வருடமாகிறது. வீட்டில் பாட்டி இன்னமும் "மிஸ்ஸி வேலை" என்றுதான் சொல்லுவார். பேச்சு முடிந்து கடைசிப் பத்து நிமிடம் கேள்விப் பெட்டி. மைலோ டின் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். பேர் எழுத வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"மிஸ்ஸி வேலைக்கு எஸ்.பி.எம்மில் எத்தனை கிரெடிட் வேணும்?" என்று ஒரு சீட்டு. "ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வராதா?" என்று ஒன்று. நாலாவது சீட்டு நாலாக மடிக்கப்பட்டிருந்தது. மைக்கில் அப்படியே படித்துவிட்டேன்: "ரேப் ஆனவங்க ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மாவுக்குச் சொல்லிடுவாங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் படபடப்பு. தேநீர் நேரம் வேறு ஆகிவிட்டது. "யாருக்கும் சொல்லமாட்டோம், பயப்படாம வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. முகாமுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே. அவர்களைப் பொறுத்தவரை நான் சொன்னது தவறு. அந்தச் சீட்டை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. சும்மா கேட்ட கேள்வியாக இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். என் வார்த்தையை நம்பி வந்து, அங்கே வேறு மாதிரி நடந்தால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. அதனால்தான் ஆசிரியர் அண்ணனிடம் கேட்டு இந்த மாதப் பக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு சொல். நம் வீடுகளிலும் பழைய பத்திரிகைகளிலும் இதற்குக் "கற்பழிப்பு" என்பார்கள். பிரித்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை. பாதிக்கப்பட்டவளிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துபோனதாக மட்டும் அது சொல்கிறது. பாலியல் வல்லுறவு என்பதே சரியான சொல். வல்லமையைக் காட்டியவன் யார் என்று அதில் கேட்க முடிகிறது.

இதற்கென்றே தனித் தாதியர் எப்படி உருவானார்கள் என்பது அமெரிக்காவில் தொடங்குகிற கதை. 1970களில் அங்கே வல்லுறவுக்கு ஆளான பெண் மருத்துவமனைக்கு வந்தால், மாரடைப்பும் சாலை விபத்தும்தான் முதலில். இவளுக்கு வெளியே ரத்தம் கொட்டவில்லை, உயிர் போகவில்லை, அதனால் மணிக்கணக்கில் காத்திருப்பாள். தடயம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்கக் கூடாது, கழிவறைக்குப் போகக் கூடாது. கடைசியில் வருகிற டாக்டருக்கு இந்தப் பரிசோதனையில் பயிற்சி இருக்காது. நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டுமே என்ற தயக்கம் இருக்கும். பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாதியர். நாங்களே படித்துச் செய்கிறோம் என்று அவர்கள் இறங்கினார்கள். 1976இல் மெம்ஃபிஸ், 1977இல் மினியாபோலிஸ், 1979இல் டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோ என்று ஒவ்வொரு நகரமாகத் தொடங்கியது. மினியாபோலிஸில் இதை முன்னின்று நடத்தியவர் லிண்டா லெட்ரே. அவர் தாதி, மனநல நிபுணரும்கூட. 1992இல் எழுபதுக்கும் மேற்பட்ட தாதியர் அதே நகரத்தில் கூடித் தடயவியல் தாதியருக்கென்று ஓர் அனைத்துலகச் சங்கத்தையே ஆரம்பித்தார்கள். இன்று அங்கே இந்தப் பயிற்சிக்கு நாற்பது மணி நேர வகுப்பு உண்டு, அதற்கு மேல் நேரடிப் பயிற்சி. பரிசோதனையை அந்தத் தாதியே செய்கிறார், நீதிமன்றத்திலும் அவரே சாட்சி சொல்கிறார்.

நம் நாட்டு வழி கொஞ்சம் வேறு. 1994இல் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் "ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்" தொடங்கினார்கள். நாங்கள் ஓ.எஸ்.சி.சி. என்போம். 1996இல் மற்ற அரசாங்க மருத்துவமனைகளும் இதை அமைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொன்னது. அடிப்படை எண்ணம் எளிமையானது. அடிபட்ட பெண் டாக்டரைத் தேடி ஓரிடம், போலீசைத் தேடி ஓரிடம், சமூகநல இலாகாவைத் தேடி இன்னோர் இடம் என்று அலையக் கூடாது. போகிற இடமெல்லாம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது. அவள் ஓர் அறையில் இருக்கட்டும், மற்றவர்கள் அவளைத் தேடி வரட்டும். இங்கே பரிசோதனை செய்வது டாக்டர். தாதி உடன் இருக்கிறாள். "உடன் இருக்கிறாள்" என்று சொல்லச் சின்னதாக இருக்கிறது. அந்த அறையில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

கதவுக்கு உள்ளே

முதலில் பார்ப்பது உயிருக்கு ஆபத்தான காயம் இருக்கிறதா என்று. இருந்தால் நேரே சிவப்பு மண்டலம், மற்றதெல்லாம் பிறகு. இல்லையென்றால் நம்பர் எடுத்து உட்காரவைப்பதில்லை, தனி அறைக்குக் கூட்டிப்போவோம். அங்கே போனதும் நான் செய்கிற முதல் வேலை, என் பேரைச் சொல்வது. இரண்டாவது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டுவது. பூட்டிவைக்கப்பட்ட அறையில் நடந்ததை அனுபவித்து வந்த பிள்ளைக்கு அது தெரிய வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கேட்போம். "இப்போ கையைப் பார்க்கப் போறோம், சரியா?" "இந்தப் பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்கு உள்ளே தடவணும், சரியா?" வேண்டாமென்றால் அங்கேயே நிறுத்துவோம். ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லி மற்றதற்குச் சம்மதிக்கலாம். புது ஹவுஸ்மேன் டாக்டர்கள் சிலருக்கு இது நேரத்தை வீணடிப்பதாகத் தோன்றும். அவளுடைய "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனதால்தான் அவள் இங்கே வந்திருக்கிறாள் என்று நான் அவர்களிடம் சொல்வதுண்டு. நடுவில் யாராவது கதவைத் தட்டினால் போய் நிற்பது, போர்வையை இழுத்து மூடுவது, டாக்டர் கேட்கிற கேள்வி புரியாமல் விழித்தால் தமிழில் மெதுவாகச் சொல்வது, இதெல்லாமும் தாதியின் வேலைதான்.

உடை களையும்போது கீழே பெரிய தாளை விரிப்போம். அதன் மேல் நின்றுதான் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். உதிர்கிற முடியோ மண்ணோ அந்தத் தாளில் விழும். ஒவ்வோர் உடைக்கும் தனித்தனித் தாள்பை. பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடித்துத் தடயம் கெட்டுவிடும். பஞ்சுக்குச்சிகளைக் காயவைத்து, பேர், நேரம், எடுத்த இடம் எல்லாம் எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும்போது அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

மருந்தில் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டலும் களைப்பும் வரலாம், அதனால் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் நேரத்தோடு கொடுத்தால்தான் பலன். ஹெப்படைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, மற்றத் தொற்றுகளுக்கான மருந்து எல்லாம் தேவையைப் பார்த்துக் கொடுப்பார்கள். பிறகு சில வாரமும் சில மாதமும் கழித்து மறுபரிசோதனை. இப்படித் திரும்ப வர வேண்டிய நாட்களில்தான் பலர் காணாமல் போகிறார்கள். "மாத்திரை சாப்பிட்டியாம்மா? வாந்தி வந்துச்சா?" என்று போனில் கேட்க ஒரு குரல் இருந்தால் வருகிறார்கள்.

சில அம்மாக்கள் டாக்டரைத் தனியாக இழுத்துக் கேட்பார்கள்: "எங்க பிள்ள இன்னும் கன்னிதானே, எழுதிக் குடுங்க டாக்டர்." அப்படி ஒரு சோதனை மருத்துவத்தில் கிடையாது. உடலைப் பார்த்து ஒருத்தி உறவு கொண்டாளா இல்லையா என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகவே அறிவித்தது. வல்லுறவுக்கு ஆளானவர்களில் பலருக்குக் கண்ணுக்குத் தெரியும் காயமே இருப்பதில்லை. பயத்தில் உடல் மரத்துப்போய் அசையவே முடியாமல் போவதும் உண்டு. காயம் இல்லை என்பதை வைத்துச் சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் இப்படி விரலால் சோதிக்கிற பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2013லும், மறுபடி 2022லும் கண்டித்தது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மஞ்சள் தண்ணீர்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது இது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு காலை ஷிஃப்டில் நம் பெண் ஒருத்தி தாயோடு வந்தாள். சம்பவம் முந்தின நாள் சாயந்தரம். தலைமுடி ஈரமாக இருந்தது, கன்னத்தில் மஞ்சள். அம்மா அவளை மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை தலைக்குக் குளிக்கவைத்திருந்தார். உடையைக் குளோரோக்ஸில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டும் விட்டார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்போமே, அந்த மாதிரி நினைத்தாராம். "தீட்டு போகட்டும்னுதான் மிஸ்ஸி."

எனக்கு அப்போது இந்த வேலையில் பயிற்சி கிடையாது. தடயமெல்லாம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் அந்தப் பெண்ணிடம், "ஏன் குளிச்சே?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பள்ளியில் டீச்சர் அதட்டினால் நிற்பது மாதிரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு டாக்டர் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதிலேயே அவள் குற்றவாளி ஆகிவிட்டாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். தண்ணீர் ஊற்றியது அன்பினால்தான். ஆனால் "தீட்டு" என்ற சொல் அந்தப் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொண்டதே, அது எந்த மஞ்சளாலும் போகவில்லை. போன ஜென்மத்து வினை என்று சொல்கிற உறவினர்களும் அந்த அறைக்கு வெளியே உட்காருவார்கள். வினையைப் பற்றி நம் வகுப்புகளில் எவ்வளவோ படிக்கிறோம். செய்தவனுக்குத்தான் வினை. அடிபட்டவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்து எந்தச் சித்தாந்தமும் இடம் கொடுக்கவில்லை.

அதே முகாமில் கடைசி ராத்திரி தம்பிமார்கள் பாஞ்சாலி நாடகம் போட்டார்கள். சேலை வளர்ந்துகொண்டே போனபோது கைத்தட்டல் பலமாக இருந்தது. சேலைக்கு முன்னால் அவள் சபையில் ஒரு கேள்வி கேட்டாள், அந்தக் காட்சியை நேரம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள். தன்னையே முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்ற கேள்வி. பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லி நழுவினார். பெரியவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். வாயைத் திறந்து அவள் பக்கம் பேசிய விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அடுத்த வகுப்பில் விகர்ணனைப் பற்றிப் பேசுங்களேன். அவன் வேஷத்துக்கு ஆளே கிடைக்கவில்லையாம்.

இப்போது அந்தப் பதில்

உனக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தால், முடிவு உன்னுடையது. போலீசில் புகார் கொடுக்காமலே நேரே மருத்துவமனைக்கு வரலாம், சிகிச்சை கிடைக்கும். புகார் கொடுக்கச் சொல்லி ஊக்கப்படுத்துவார்கள், ஏனென்றால் வழக்கு நடக்க அது வேண்டும். உன் அனுமதி இல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டு நாங்கள் சொல்லமாட்டோம்.

உனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், நான் அன்று சொன்னது சரியில்லை. எங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது. 2017ஆம் ஆண்டு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். அது மிஸ்ஸிக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை. டீச்சருக்கும், கிளைத் தலைவருக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் சேர்த்துத்தான். "குடும்ப மானம், நாமே பேசி முடிச்சுக்கலாம்" என்கிற பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். பதினாறு வயதுக்குக் கீழே என்றால், நீ சம்மதித்தாய் என்று அவன் சொன்னாலும் சட்டத்தில் அது வல்லுறவுதான்.

வீட்டுக்கும் பெரும்பாலும் சொல்லவே வேண்டியிருக்கும். ஆனால் எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதில் உன் பேச்சைக் கேட்போம். சொல்லும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். செய்தவர் வீட்டிலேயே இருக்கிறார் என்றாலோ, வீட்டுக்குத் தெரிந்தால் அடிப்பார்கள் என்று பயந்தாலோ, அதை முதல் வேலையாக மிஸ்ஸியிடம் சொல்லிவிடு. பெரும்பாலும் இந்தக் குற்றத்தைச் செய்கிறவர் தெரிந்தவராகவே இருக்கிறார், எங்களுக்கு அது புதிது இல்லை. சமூகநல இலாகாவின் குழந்தைப் பாதுகாவலர் இதற்காகவே இருக்கிறார். உன்னை யாரோடு அனுப்புவது என்பதை முதலில் பார்ப்போம்.

யாருக்குத் தெரியாது என்பதையும் சொல்கிறேன். பள்ளிக்கூட நண்பர்கள், கோயிலில் இருப்பவர்கள், புலனக் குழு. உன் பேரையோ படத்தையோ பத்திரிகையில் போடச் சட்டம் அனுமதிப்பதில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், பிள்ளைகள் அவனுடைய முகத்தைப் பார்க்காமல், திரைக்குப் பின்னாலிருந்தோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்ல 2007லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது.

தம்பிகளுக்கு: நம் குற்றவியல் சட்டத்தில் வல்லுறவு என்ற பிரிவு பெண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆனால் பையன்களுக்கு நடப்பதற்கும் வேறு பிரிவுகள் இருக்கின்றன, 2017 சட்டம் ஆண் பெண் பார்ப்பதில்லை. அதே அறை, அதே மருந்து. பையன்கள் வருவதே அபூர்வம், வந்தாலும் கீழே விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். நீ விழவில்லை என்று எங்களுக்குத் தெரியும். நீயாகச் சொல்லும்வரை காத்திருப்போம்.

சிங்கப்பூரில் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே 2017 முதல் கண்டோன்மன்ட் போலீஸ் வளாகத்திலேயே இதற்கான பரிசோதனை நிலையம் இருக்கிறது. போலீசுக்குப் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அவேர் அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையம் உண்டு.

வரும் முன் குளிக்காமல், உடை மாற்றாமல், முடிந்தால் கழிவறைக்குப் போகாமல் வருவது நல்லது. மாற்றிவிட்டாய் என்றால் பழைய உடையைத் துவைக்காமல் தாள்பையில் போட்டு எடுத்து வா. எல்லாவற்றையும் செய்துவிட்டாய், குளித்து மூன்று நாள் ஆகிவிட்டது என்றாலும் வா. மாதக் கணக்கில் ஆகியிருந்தாலும் வா. ஏன் குளித்தாய் என்று நான் கேட்கமாட்டேன். போகத் தெரியவில்லை, பேச மட்டும் வேண்டும் என்றால் 15999, தாலியான் காசே, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்று. அவசரப் பிரிவின் முன் கவுண்டரில் எப்போதும் கூட்டம் இருக்கும், எம்.சி. வாங்க வந்த அங்கிள் முதல் விபத்தில் சிக்கிய மோட்டார் பையன் வரை. அவர்கள் எல்லோர் காதும் கேட்க என்ன நடந்தது என்று நீ சொல்ல வேண்டாம். அங்கே இருப்பவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், பரவாயில்லை. "ஓ.எஸ்.சி.சி." என்று நாலு எழுத்தை மட்டும் சொல். ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து நீட்டினாலும் போதும்.